இரத்தம் கேட்டு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

நடவு, களை என்று ஆயிரம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக நாம் இங்கே கர்ப்பிணிப் பராமரிப்பு, தடுப்பூசி, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் புதிய சங்கதி. ஆனால் இதுவும் குடும்ப நலம்தான்.

ஆராய்ச்சிக்காக உங்கள் உடம்பிலிருந்து ஒரு குப்பி இரத்தம் கேட்கிறார்கள். அல்லது ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்தால் அது எங்கே போகிறது? 'சரி' என்று சொல்ல வேண்டியது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனால் போதும்.

இரத்தம் எடுப்பது நான்கு வகை

இரத்தம் என்றாலே நமக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஊசி ஒன்றுதான், ஆனால் நோக்கம் நான்கு.

முதல் வகை, உங்களுக்காக எடுப்பது. கர்ப்பிணிக்கு இரத்தசோகை இருக்கிறதா, பெரியவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது. முடிவு உங்கள் கைக்கு வரும். சிகிச்சையும் உங்களுக்கே.

இரண்டாவது, ஊருக்காக எடுப்பது. யானைக்கால் நோய்க்கு இராத்திரியில் வந்து விரல் நுனியில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கிருமிப் புழு இராத்திரியில்தான் இரத்த ஓட்டத்தில் வெளியே வரும். அதனால்தான் நீங்கள் தூங்குகிற நேரம் பார்த்து வந்தார்கள். கும்பகோணம் என்றால் யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசிய காலம் ஒன்று உண்டு. அந்த நோயை அடக்குவதற்கு நீங்கள் கொடுத்த சொட்டு இரத்தமும் ஒரு காரணம்.

மூன்றாவது, இரத்ததானம். 350 மில்லி எடுத்து இன்னொரு உயிருக்கு ஏற்றுவது. பிரசவத்தில் உதிரப்போக்கு வந்த தாயைக் காப்பாற்றுவது அதுதான்.

நான்காவது வகைதான் இன்றைய பேச்சு. இதில் இரத்தம் உங்கள் சிகிச்சைக்குப் போவதில்லை; இன்னொருவர் உடம்பிலும் ஏறுவதில்லை. பல வருஷங்களுக்குப் பத்திரமாக வைத்து, அதிலுள்ள மரபணுக்களை ஆராய்கிறார்கள். இப்படி இரத்தம், சதைத் துண்டு, உயிரணு, டி.என்.ஏ. ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு 'பயோபாங்க்' என்று பெயர். நாம் உயிர் மாதிரிக் களஞ்சியம் என்று சொல்லிக்கொள்வோம்.

மரபணு என்பது என்ன?

"அப்பன் மூக்கு அப்படியே இருக்கு, கண்ணு மட்டும் அம்மா சாயல்" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? அந்தச் சாயலைக் கொண்டுவருவது மரபணு.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய எல்லா உயிரணுவுக்குள்ளும் மெல்லிய நூல் போன்ற ஒரு பொருள் சுருண்டு கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதில் நான்கே நான்கு வகை எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு தொகுப்பு தகப்பனிடமிருந்து வருகிறது. அதே அளவில் இன்னொன்று தாயிடமிருந்து வருகிறது. விதை நெல்லைக் கையில் எடுத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்று குறுவைக்கு ஏற்றது, ஒன்று சம்பாவுக்கு ஏற்றது. ஒன்று வெள்ளத்தைத் தாங்கும், ஒன்று சாய்ந்துவிடும். அந்தக் குணமெல்லாம் விதைக்குள்ளே எழுதியிருக்கிறது. மனிதனுக்கும் அப்படியே.

இரத்தத்தில் சிவப்பணுவுக்குள் டி.என்.ஏ. கிடையாது; வெள்ளணுவுக்குள் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு டீஸ்பூன் இரத்தமே போதும்.

பத்தாயமும் பனிப்பெட்டியும்

தஞ்சை மண்ணில் களஞ்சியம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பத்தாயத்தில் சாப்பாட்டு நெல், கோட்டை கட்டி விதை நெல். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைக் கோட்டையில் கை வைக்க மாட்டார்கள் நம் பாட்டன்மார்.

இதையே நாட்டளவில், உலக அளவில் செய்கிறார்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தவர் நெல் ஜெயராமன். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்க் கிடங்கில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன.

எதற்கு இத்தனை? 1970-களில் ஆசிய நாடுகளில் புல்லைப் போலப் பயிரைக் குட்டையாக்கும் ஒரு நச்சுயிரி நோய் பரவியது. அதைத் தாங்கும் நெல் ஏதாவது உண்டா என்று கிடங்கிலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று. அது நம் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கிப் போடுவோமே, அந்த ஜாதி! அதைக் கலந்து உண்டாக்கியதுதான் ஐ.ஆர். 36. சேர்த்து வைத்தபோது இது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது.

மனித மாதிரிக் களஞ்சியமும் இந்த நோக்கத்தோடு வைப்பதுதான். உங்கள் இரத்தத்தைப் பிரித்துச் சிறு குப்பிகளில் அடைக்கிறார்கள். குப்பியின் மேல் பெயருக்குப் பதில் எண் ஒட்டுகிறார்கள். பிறகு பனிப்பெட்டியில் வைக்கிறார்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் அறை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி இருக்கும். இங்கே 80 டிகிரி கீழே. சில பொருள்களைத் திரவ நைட்ரஜனில் 196 டிகிரி கீழே வைப்பார்கள். அந்தக் குளிரில் வருஷக்கணக்கில் கெடாது.

நம் நாட்டில் இந்தப் பணி

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020 ஜனவரியில் 'ஜீனோம் இந்தியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 20 நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்தன. நாடு முழுவதும் 20,000 பேரிடம் இரத்தம் பெற்று, அதில் 10,000 பேரின் டி.என்.ஏ.வை முழுக்கப் படித்தார்கள். இரத்த மாதிரிகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தில் வைத்திருக்கிறார்கள். படித்த விவரங்கள் ஃபரீதாபாத்தில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் இருக்கின்றன. 2025 ஜனவரி 9 அன்று அந்த விவரங்களை ஆராய்ச்சியாளர்களின் உபயோகத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் தேசியப் புற்றுநோய்த் திசுக் களஞ்சியம் இருக்கிறது. புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சம்மதித்தால், எடுத்த கட்டியில் ஒரு துண்டை அங்கே பாதுகாக்கிறார்கள். நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 மாதிரிகளை ஆராய்ந்து, அந்த விவரத்தை 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். நம் பெண்களுக்கு வரும் மார்பகக் கட்டியில் என்னென்ன மாறுதல் இருக்கிறது, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இது உதவும்.

'வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே ஆராய்ந்திருப்பார்களே, நாம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உலகில் இதுவரை படித்த மரபணுக்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. அவர்கள் மண்ணுக்குச் சிபாரிசு செய்த உரத்தை நம் வண்டல் மண்ணில் அப்படியே போட முடியுமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். வயசு நாற்பது, ஐம்பதுக்கு மேல் போனதும் இருதயத் தசை பலவீனமாகி மூச்சு வாங்கும் நோய் சிலருக்கு வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, ஹைதராபாத் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த தங்கராஜ் ஆகியோரும் அவர்களோடு பலரும் இதை ஆராய்ந்தார்கள். ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போயிருப்பதால் இந்த நோய் வருகிற ஆபத்து அதிகமாகிறது என்று 2009-இல் வெளியிட்டார்கள். 100-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டோரின் மாதிரிகளைப் பார்த்ததில், நம் நாட்டில் 100 பேருக்குச் சுமார் 4 பேரிடம் அந்தக் குறை இருந்தது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்களில் சில அபூர்வக் குறைகள் தங்கிப்போகின்றன. மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு தசைத் தளர்ச்சி மருந்து சிலருக்குச் சீக்கிரம் இறங்காது. ஆபரேஷன் முடிந்தும் தானாக மூச்சு விட முடியாமல் தவிப்பார்கள். இது எந்தக் குடும்பங்களில் அதிகம் என்று முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். உயிர் பிழைக்கும்.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அப்படிப் பிறந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்கள். ஆனால் தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிடக் கூடும். ஆகவே கர்ப்பம் என்று தெரிந்ததுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். "நாங்கள் சொந்தம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். இனிமேல் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் சொந்தத்துக்கு வெளியேயும் பாருங்கள்.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும்?

பயன் இவ்வளவு இருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாமே என்பீர்கள். இங்கேதான் நெல்லுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம். விதை எடுக்கும்போது நெல்லிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் எடுத்த கதைகள் இரண்டு சொல்கிறேன். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

ஹென்ரியெட்டா லாக்ஸ் என்று ஒரு தாய். புகையிலை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த ஏழைக் கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகள். 1951-இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு உதிரப்போக்கு என்று போனார். கருப்பை வாயில் புற்றுநோய். சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு துண்டை ஆராய்ச்சிக்காக எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. அதே ஆண்டு, 31 வயதில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்த உயிரணுக்கள் சாகவில்லை. ஆய்வுக் கூடத்தில் பெருகிக்கொண்டே இருந்தன, இன்றைக்கும் பெருகுகின்றன.

அவற்றால் உலகத்துக்கு வந்த நன்மை கொஞ்சமல்ல. போலியோ தடுப்பு மருந்தைச் சோதித்துப் பார்க்க அவை உதவின. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான நச்சுயிரி அந்த உயிரணுக்களுக்குள்ளும் இருந்தது. அந்த நச்சுயிரியைக் கண்டுபிடித்த ஜெர்மனி விஞ்ஞானிக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைத் தடுக்க இன்றைக்குப் பெண் பிள்ளைகளுக்கு ஊசியும் இருக்கிறது.

ஆனால் குடும்பத்துக்கு? தாயின் உயிரணுக்கள் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்ததும், கம்பெனிகள் அவற்றை விற்றதும் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2013-இல் அவருடைய மரபணு முழுவதையும் யாரோ படித்து வெளியிட்டார்கள். அப்போதும் குடும்பத்தைக் கேட்கவில்லை. இதைக் கவனியுங்கள்: தாயின் மரபணுவை ஊருக்குச் சொன்னால் மகளுடையதும் பேரனுடையதும் ஓரளவு தெரிந்த மாதிரிதானே? குடும்பத்தார் எழுந்து கேட்ட பிறகுதான் அந்த விவரத்தை யார் பார்ப்பது என்று தீர்மானிப்பதில் அவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். 2023-இல் ஒரு பெரிய கம்பெனி அவர்களோடு சமரசம் செய்துகொண்டது.

இரண்டாவது கதை ஒரு பழங்குடிக் கிராமத்துடையது. அரிசோனா மாநிலத்தில் பெரிய மலைப் பள்ளத்தாக்குக்குள் வாழ்கிறவர்கள் ஹவசுபாய் மக்கள். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். 'அதற்குக் காரணம் கண்டுபிடிக்கிறோம்' என்று 1990 முதல் பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். பின்னால் பார்த்தால், அதே இரத்தத்தை மனநோய் ஆராய்ச்சிக்கும், 'இவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்' என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். 'இந்தப் பள்ளத்தாக்கே எங்கள் பிறப்பிடம்' என்று கும்பிடுகிற மக்கள் அவர்கள். மனம் புண்பட்டு வழக்குப் போட்டார்கள். 2010-இல் வழக்கு முடிந்தது. 7 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. மிச்சமிருந்த இரத்தக் குப்பிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு ஊர் போனார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் ஆராய்ச்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் செய்தது தப்பு. ஒன்றைச் சொல்லி வாங்கி, வேறொன்றுக்குப் பயன்படுத்தியது தப்பு. இப்படி நடந்தால் அடுத்த தடவை நல்ல ஆராய்ச்சிக்குக்கூட ஜனங்கள் கை நீட்ட மாட்டார்கள்.

நம் நாட்டு நெறிமுறை என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் மாதிரிக் களஞ்சியங்களுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கொடுத்த மாதிரிக்குச் சொந்தக்காரர் கொடுத்தவரே. களஞ்சியம் அதைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான். பிறகு மனசு மாறினால் வேண்டாம் என்று சொல்லித் திரும்பப் பெறலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் கைநாட்டு வாங்க வேண்டும். ஊர்ப் பெரியவரோ பஞ்சாயத்துத் தலைவரோ அனுமதி கொடுத்துவிட்டார் என்பதற்காக உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது. குழந்தையிடம் எடுப்பதானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். ஏழு வயது நிறைந்த பிள்ளையாக இருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்தா, நாளைக்கு முகாமுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேர் குடுத்துட்டேன்."

"எதுக்குங்க?"

"ஏதோ ரத்தம் எடுப்பாங்களாம். ஆராய்ச்சியாம்."

"என் ரத்தம் எடுக்க என்னைக் கேக்க வேணாமாங்க?"

"நான் சொன்னா போதாதா?"

மாமியார் குறுக்கே வருகிறார்: "வேணாம்டா தம்பி. பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்குறவ. ரத்தம் எடுத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

மூவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. கணவர் நல்ல காரியம் என்று நினைத்தார். மாமியார் மருமகள் உடம்பை நினைத்தார். ஆனால் மூவரில் சரியாகக் கேட்டது அந்தப் பெண்தான். ஒன்றிரண்டு டீஸ்பூன் இரத்தம் போனால் உடம்பு கெடாது. பெரியவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஆனால் மனைவிக்காகக் கணவர் கையெழுத்துப் போட முடியாது. கணவருக்காக மனைவியும் போட முடியாது. வயது வந்த ஒவ்வொருவரும் தனக்குத்தான் சொல்லலாம்.

ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது அவசியம். ஏன்? உங்கள் இருவர் மரபணுவும் உங்கள் பிள்ளைகளிடம் பாதிப் பாதியாக இருக்கிறது. ஒருவர் கொடுத்தால் அது ஓரளவுக்குக் குடும்பத்தின் கதையும் ஆகிறது. கையெழுத்து அவரவருடையது; கலந்து பேசுவது இருவருக்கும் பொது.

கொடுக்கும் முன் கேளுங்கள்

இந்த ஏழு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

1. இதை நடத்துவது எந்த நிறுவனம்? நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா?

2. எந்த ஆராய்ச்சிக்கு? இது ஒன்றுக்கு மட்டுமா, பின்னால் வேறு ஆராய்ச்சிக்கும் எடுப்பீர்களா? அப்போது மறுபடி எங்களைக் கேட்பீர்களா?

3. எவ்வளவு எடுப்பீர்கள்? எங்கே, எத்தனை வருஷம் வைப்பீர்கள்?

4. எங்கள் பெயர், ஊர், சாதி யார் யாருக்குத் தெரியும்?

5. எங்களிடம் ஏதாவது குறை தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா?

6. கம்பெனிகளுக்குக் கொடுப்பீர்களா? லாபம் வந்தால் எங்களுக்கோ எங்கள் ஜனங்களுக்கோ என்ன பயன்?

7. பிறகு வேண்டாம் என்று தோன்றினால் யாரிடம் சொல்வது?

பதில்களெல்லாம் அவர்கள் தரும் தாளில் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதியை வாங்கி வீட்டில் ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். உடனே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரம் இல்லை. 'வீட்டில் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

கேள்வி: வேண்டாம் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்காமல் இருந்துவிடுவார்களோ?

பதில்: கூடாது. நீங்கள் ஆராய்ச்சிக்குச் சம்மதிப்பதற்கும் உங்கள் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லை. மறுத்தாலும் அதே கவனிப்புத்தான். அப்படி யாராவது பயமுறுத்தினால் எங்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இரத்தம் கொடுத்தால் பணம் தருவார்களா?

பதில்: பஸ் கட்டணம், அன்றைய கூலி இழப்பு இவற்றை ஈடு செய்யலாம். பணத்தாசை காட்டி வாங்கக் கூடாது. அப்படிக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: இரத்தத்தைப் பார்த்து எந்தச் சாதி உசத்தி என்று கண்டுபிடித்துவிடுவார்களா?

பதில்: அப்படி ஒன்று இரத்தத்தில் எழுதியிருக்கவே இல்லை. எந்தச் சமூகத்தில் எந்த நோய்க்குறை அதிகம் என்று பார்ப்பதற்காகச் சமூகப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். 2009-இலும் 2013-இலும் வெளியான மரபணு ஆராய்ச்சிகள் சொல்வது என்ன தெரியுமா? ஏறக்குறைய எல்லா இந்தியச் சமூகங்களும் பழங்காலத்தில் ஒன்றோடொன்று கலந்து வந்தவைதான். வேலி போட்டுக்கொண்டது பின்னால்தான்.

கேள்வி: பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிள்ளைக்கு வரும் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்கிறார்களே?

பதில்: நல்ல கேள்வி. அது வேறு விதக் களஞ்சியம். ஆராய்ச்சிக்கு இல்லை, பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பிள்ளைக்காகவே வைப்பது. கொடி இரத்தத்தால் சில இரத்த நோய்களுக்குச் சிகிச்சை செய்வது உண்மைதான். ஆனால் தன் கொடி இரத்தமே தனக்கு உதவும் சந்தர்ப்பம் மிக மிகக் குறைவு. பிள்ளைக்குப் பிறவியிலேயே மரபணுக் குறை இருந்தால் அதே குறை கொடி இரத்தத்திலும் இருக்குமே! பின்னால் என்றைக்காவது சொந்த உபயோகத்துக்கு ஆகும் என்று பணம் கட்டிச் சேமிப்பதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2017-இல் வெளியான தேசிய நெறிமுறையே சொல்கிறது. ஆகவே நகையை அடகு வைத்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் யோசனை கேளுங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தைத் தாயின் நல்ல சாப்பாட்டுக்குச் செலவு செய்யலாம்.

கேள்வி: கொடுத்தால் எங்களுக்கு என்னங்க லாபம்?

பதில்: உண்மையைச் சொல்கிறேன். கையோடு லாபம் எதுவும் இல்லை. பெரும்பாலும் தனித்தனியாக முடிவுகூட வராது. தென்னம்பிள்ளை வைப்பது போல இது. இன்னும் பத்து, இருபது வருஷம் கழித்து, நீங்கள் பார்த்திராத ஒரு பிள்ளைக்குச் சரியான மருந்து கிடைக்கும். அது உங்கள் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். இது போதும் என்று தோன்றினால் கொடுங்கள். தோன்றாவிட்டால் கும்பிட்டு 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

முடிவாக

தாய்மார்களே, பெரியோர்களே! படித்தவர்கள் வந்து கேட்டால் 'நமக்கு என்ன தெரியும், அவங்களுக்குத் தெரியாததா' என்று கை நீட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'எதற்கு வம்பு' என்று கதவைச் சாத்துகிற பழக்கமும் இருக்கிறது. இரண்டும் வேண்டாம். விதை நெல் வாங்கும்போது எந்த ஊர் விதை, எத்தனை நாள் பயிர், முளைப்பு எப்படி என்று எத்தனை கேள்வி கேட்கிறீர்கள்! உங்கள் உடம்பின் விதையைக் கொடுக்கும்போது அதில் பாதியாவது கேளுங்கள்.

இந்த வெளியீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வோம்!
கலந்து பேசி முடிவு செய்வோம்!
விரும்பினால் மட்டும் கொடுப்போம்!